பள்ளி வாட்ஸ்அப் குழுவில் தொலையும் தேதிகள்

பிள்ளை தமிழ்ப்பள்ளியில், ஆண்டு 1 முதல் 6 வரை, படித்தவரை பள்ளிச் செய்தி நம்மைத் தேடி வந்தது. காலையில் வாசலில் இறக்கிவிடும்போது டீச்சர் கண்ணில் பட்டால் போதும், “நாளைக்குப் போட்டி இருக்கு, சீக்கிரம் அனுப்புங்கம்மா” என்று சொல்லிவிடுவார். அவர் விட்டாலும் சிற்றுண்டிச்சாலை அக்கா சொல்வார். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் இந்த வசதியெல்லாம் போய்விடுகிறது. ஆயிரத்துக்கும் மேல் மாணவர்கள், பாடத்துக்கு ஓர் ஆசிரியர், பெற்றோருக்கு வெளிக்கதவு வரைதான் அனுமதி. பிள்ளைக்கும் பதின்மூன்று வயது. “இன்னைக்கு ஸ்கூல்ல என்ன சொன்னாங்க?” என்று கேட்டால் “ஒன்னும் சொல்லலை” என்பதுதான் எப்போதும் வரும் பதில்.

என் மகள் படிப்பது மலேசியாவின் பினாங்குத் தீவில், கிரீன் லேன் பக்கமுள்ள, மலாய்மொழியில் கற்பிக்கும் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளி. அவள் படிவம் 1-இல், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பில், சேர்ந்த ஆண்டு, வகுப்புக்கு ஒரு பெற்றோர் பிரதிநிதி வேண்டும் என்றார்கள். யாரும் கையைத் தூக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். பள்ளியிலிருந்து வரும் அறிவிப்புகளைத் தமிழ்ப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வது அன்றிலிருந்து என் வேலை. முதலில் எங்கள் வகுப்பு மட்டும் இருந்த குழுவில் இப்போது மற்ற வகுப்புப் பெற்றோரும் சேர்ந்துவிட்டார்கள்.

ஜெலுத்தோங்கில் ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறேன். தேதி, தொகை, பாக்கி என்று பார்த்தே பழகிய கண். பள்ளிக் கடிதங்களையும் அதே கண்ணோடு படித்ததில் ஒன்று புரிந்தது. எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும், கடிதத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் தேதி பெற்றோருக்கு அவ்வளவு முக்கியமில்லை. நமக்கு வேண்டிய தேதி வேறு எங்காவது ஒளிந்திருக்கும்.

ஒரு சாதாரணச் சுற்றுலாக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். மேலே பள்ளிச் சின்னம், கோப்பு எண், முழுக்கப் பெரிய எழுத்தில் தலைப்பு. பிறகு ஒரு பத்தி மரியாதை. அடுத்து நாள், நேரம், இடம் மூன்றும் பக்கத்தின் நடுவில் தடித்த எழுத்தில் இருக்கும். பெரும்பாலோர் அந்த இடத்தோடு படிப்பதை நிறுத்தி, படம் பிடித்துக் குழுவில் போட்டு, ஒரு கட்டைவிரலையும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குக் கீழே, மற்ற வரிகளோடு வரியாக, அனுமதித் துண்டை வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கச் சொல்லி ஒரு வாக்கியம் இருக்கும். அதற்கும் கீழே புள்ளிக்கோடு. கோட்டுக்கு அடியில் பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோரின் அடையாள அட்டை எண், அவசரத்துக்குக் கூப்பிட ஓர் எண், அனுமதிக்கிறேன், அனுமதிக்கவில்லை என்பதில் ஒன்றை அடிக்க வேண்டும், கடைசியில் கையெழுத்து. இந்தத் துண்டு போகாவிட்டால் பிள்ளை பேருந்தில் ஏற முடியாது. சுற்றுலா 20-ஆம் தேதிதான். ஆனால் நம் வீட்டில் அது 8-ஆம் தேதியே முடிவாகிவிடுகிறது.

பள்ளியின் ஆண்டு விளையாட்டு நாளை நாங்கள் போட்டி விளையாட்டு என்போம். அதில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். எங்கள் குழுவில் ஒரு தம்பி. ஆண்டு 6 வரை 100 மீட்டரில் அவனை முந்த ஆளில்லை. படிவம் 1-இல் போட்டி விளையாட்டு எப்போது, எப்போது என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். புதுக் காலணிகூட வாங்கியாகிவிட்டது. ஆனால் அன்று திடலில் நடப்பது பெரும்பாலும் இறுதிச் சுற்றுகள்தான். தகுதிச் சுற்றெல்லாம் முந்தைய வாரங்களிலேயே, மாலைப் புறப்பாட (பாடத்துக்கு வெளியே உள்ள விளையாட்டு, கழக நடவடிக்கை) நேரத்தில், சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும். விளையாட்டுக்காக மாணவர்களை நீலம், சிவப்பு என்று இல்லங்களாகப் பிரித்திருப்பார்கள். அதற்கும் முன்னால் அந்த இல்லத்தின் ஆசிரியரிடம் பெயர் கொடுத்திருக்க வேண்டும். பெரிய அண்ணன்மார் கூட்டத்தைப் பார்த்துப் பையனுக்குக் கூச்சம், பெயர் கொடுக்கவில்லை. போட்டியன்று நீல இல்லக் கூடாரத்தில் உட்கார்ந்து காலித் தண்ணீர் போத்தலைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த அவன் அம்மா வேலி ஓரம் குடை பிடித்தபடி நின்று, “இவன் எப்ப ஓடுவான் அக்கா?” என்று என்னைக் கேட்டார்.

மறு ஆண்டு பள்ளி திறந்த வாரமே, இல்லக் கூட்டம் எந்த நாள் என்று அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். பையன் பெயர் கொடுத்தான், அஞ்சல் ஓட்டக் குழுவில் ஓடினான்.

இதில் பதக்கம் மட்டும் இருந்தால் நானும் இவ்வளவு எழுத மாட்டேன். பள்ளியில் தேர்வானவர்கள் மாவட்டத்துக்கும், அங்கிருந்து மாநிலத்துக்கும் போவார்கள். பினாங்கில் அதை எம்எஸ்எஸ்பிபி என்பார்கள். அதற்கு மேல் தேசிய அளவில் எம்எஸ்எஸ்எம். எந்த நிலை வரை போனார்கள் என்பது பிள்ளையின் புறப்பாட மதிப்பீட்டில் ஏறும். பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது தேர்வுத் தகுதிக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்று கணக்குப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சீருடை இயக்கம், ஒரு கழகம், ஒரு விளையாட்டு கட்டாயம். சாரணர், செம்பிறைச் சங்கம், தமிழ்மொழிக் கழகம், பூப்பந்து என்று பிள்ளை எதில் சேர்ந்தாலும் பரவாயில்லை. ஆனால் பெயர்ப் பதிவு பள்ளி திறந்த முதல் சில வாரங்களில் நடந்துவிடும். அந்த வாரம் பிள்ளை காய்ச்சலில் படுத்திருந்தால், திரும்பி வந்ததும் ஆசிரியரிடம் நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். இடமிருக்கும் எதிலாவது போட்டுவிட்டால் ஆண்டு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போவார்கள்.

சரி, இந்தத் தேதிகளை முன்கூட்டியே எப்படிப் பிடிப்பது? பள்ளி ஆண்டு நாட்காட்டி ஒன்று உண்டு. எல்லாரும் தக்விம் என்றுதான் சொல்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் வரும். அதைப் படம் பிடித்துக் கைப்பேசியில் புதைத்து வைத்தால் பயனில்லை. நான் கடைப் பிரிண்டரில் ஏ3 தாளில் எடுத்து, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவேன். பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு, மூன்று வாரம் பின்னால் வந்து, பென்சிலில் ஒரு கேள்விக்குறி. அந்த வாரம் வந்ததும் வகுப்பாசிரியரிடம் (மலாயில் ‘சிக்கு’ என்றுதான் அழைப்போம்) கேட்பேன்: “சிக்கு, இதுக்குக் கடிதம் எப்போ வரும்?” கடிதம் வரும் முன்பே கேட்கும் பெற்றோரை ஆசிரியர்களுக்குப் பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவத்தில், கடைசி நாள் முடிந்த பிறகு கேட்பவரைத்தான் பிடிக்காது.

நாட்காட்டி வராவிட்டாலும் கொஞ்சம் ஊகிக்கலாம். நோன்பு மாதம் எப்போது என்று பாருங்கள். அந்த மாதத்தில் வெயிலில் ஓடும் போட்டிகளைப் பொதுவாக வைக்க மாட்டார்கள். 2026-இல் நோன்பு பிப்ரவரி இரண்டாம் பாதியிலேயே ஆரம்பித்தது, பள்ளி திறந்ததோ ஜனவரி 12. அப்படியானால் குறுக்கோட்டமும் தகுதிச் சுற்றுகளும் ஒன்று, நோன்புக்கு முன் அவசர அவசரமாக நடக்கும், இல்லை நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வரும். மாவட்டப் போட்டிக்குள் பள்ளி தன் ஆட்களைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு ஓரளவு சரியாகவே வரும்.

கல்வியாண்டு ஜனவரிக்குத் திரும்பியதில் எங்களுக்கு அதிகம் இடித்தது பொங்கல்தான். சில ஆண்டுகள் மார்ச்சில் தொடங்கி, 2025-இல் பிப்ரவரி 17-இல் தொடங்கி, 2026-இல் ஒருவழியாக ஜனவரிக்கு வந்து சேர்ந்தது. 2025 பொங்கல், கல்வியாண்டின் கடைசி வாரத்தில் வந்தது. பள்ளித் தேர்வெல்லாம் முடிந்து பிள்ளைகள் சும்மா இருந்த நேரம். தமிழ்மொழிக் கழகத்தில் ஓராண்டு ஓடித் தேர்ந்த படிவம் 4 பிள்ளைகள் இருந்தார்கள். கோலம், கரும்பு, பானை எல்லாம் தானாக நடந்தது. 2026-இல் பள்ளி திறந்த அதே வாரம் பொங்கல். கழகத்துக்குத் தலைவர் யார், செயலாளர் யார் என்றே தெரியாது. படிவம் 1 பிள்ளைகள் கழிப்பறையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். திடலில் அடுப்பு மூட்ட வேண்டுமென்றால் பள்ளி முதல்வரின் அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமென்றால் செலவுக் கணக்கு, நேர அட்டவணை, பொறுப்பாளர் பெயர் எல்லாம் போட்டு முன்மொழிவு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு வாரமாவது ஆகும்.

தமிழ் டீச்சர் ஒன்றும் பதறவில்லை. “தை மாசம் முழுக்கப் பொங்கல்தாம்மா” என்று சொல்லி, தைப்பூசம் முடிந்த பிறகு ஒரு புறப்பாட நாளைப் பிடித்தார். பானைகள் மூன்று. செங்கல், பெற்றோரில் ஒருவர் வீடு கட்டும் இடத்திலிருந்து கொண்டுவந்தது. விறகு ஈரம். புகை கிளம்பி ஆசிரியர் அறைப் பக்கம் போனதும் கட்டொழுங்கு ஆசிரியர் ஓடி வந்தார், வந்தவர் அங்கேயே நின்று அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். பால் பொங்கியபோது சத்தமாகக் கத்தியது கோலப்போட்டிக்கு வந்திருந்த மலாய், சீனப் பிள்ளைகள்தான். எங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அன்றே ஒன்றை முடிவு செய்துவிட்டார். அடுத்த பொங்கலுக்கான முன்மொழிவை இந்த ஆண்டு பள்ளி முடிவதற்குள் கொடுத்துவிடுவது, கழகப் பொறுப்பாளர்களில் இருவர் படிவம் 3 அல்லது 4-இல் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. ஜனவரிப் பள்ளித் திறப்பு இப்படியே தொடர்ந்தால், தமிழ்மொழிக் கழகம் உள்ள எல்லாப் பள்ளிக்கும் இது தேவைப்படும்.

குழுவில் செய்தி போடும் விதத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் செய்தி பெரும்பாலும் அங்கேதான் தொலைகிறது. எங்கள் பெற்றோரில் பாதிப் பேர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள். காலை 7 முதல் மாலை 7 வரை ஷிஃப்ட், இல்லாவிட்டால் மாலை 7 முதல் காலை 7 வரை. லைனுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது, லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஓய்வு நேரத்தில் எடுத்துப் பார்த்தால் குழுவில் நூற்றுக்கணக்கில் செய்தி நிற்கும். அதில் முக்கால்வாசி “நன்றி டீச்சர்”, கைகூப்பிய பொம்மை, பூங்கொத்து, வெள்ளிக்கிழமை முருகன் படம். நடுவில் ஒரே ஒரு பிடிஎஃப். யார் அதைத் திறந்து பார்ப்பார்கள்?

அதனால் இரண்டு குழு வைத்தோம். ஒன்றில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும், அறிவிப்பைத் தவிர வேறெதுவும் வராது. மற்றதில் யார் வேண்டுமானாலும் எதையும் பேசலாம், முருகனுக்கும் அங்கே இடமுண்டு. அறிவிப்பை மாலை 6 மணிக்குப் போடுகிறேன். இரவு ஷிஃப்ட் போகிறவர்கள் கிளம்பும் முன் பார்த்துவிடுவார்கள், பகல் ஷிஃப்ட் முடிந்தவர்கள் தொழிற்சாலைப் பேருந்தில் உட்கார்ந்ததும் பார்ப்பார்கள். நள்ளிரவில் போட்டால் காலைக்குள் மேலே போய்விடும்.

செய்தியையும் கடிதத்தின் வரிசையில் எழுதுவதில்லை, தலைகீழாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு:

“வியாழன், 8-ஆம் தேதிக்குள்: அனுமதித் துண்டு, 15 வெள்ளி (ரிங்கிட்), வகுப்பாசிரியரிடம். படிவம் 2 எல்லாருக்கும். கொம்தார் டெக் டோம் சுற்றுலாவுக்கு. சுற்றுலா 20-ஆம் தேதி செவ்வாய், காலை 7.30-க்குப் பள்ளியில் இருக்க வேண்டும், திரும்ப பிற்பகல் 2. பசியாறக் கொடுத்தனுப்பவும்.”

இவ்வளவுதான். கடைசி நாள் முதலில், நிகழ்ச்சி கடைசியில். கிழமையைப் போடாமல் தேதியை மட்டும் போட்டால் பாதிப் பேருக்கு மனத்தில் நிற்காது. பணம் எவ்வளவு என்பதோடு யாரிடம் கொடுப்பது என்பதும் வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றுவான். மூலக் கடிதத்தைக் கீழே இணைத்துவிடுங்கள், நாம் எழுதியதில் சந்தேகம் வந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். பேரன் அவரிடம்தான் வளர்கிறான். எழுத்து அவருக்குச் சிரமம், பேசினால் போதும். அவருக்காக அதே செய்தியைக் குரல் பதிவாகவும் போட ஆரம்பித்தேன். ஒரு நிமிடத்துக்குள், மெதுவாக, தேதியை இரண்டு தடவை சொல்லி. வேடிக்கை என்னவென்றால், நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களே இப்போது அதைத்தான் கேட்கிறார்கள். சமைத்துக்கொண்டே கேட்கலாமாம். பாட்டியோ எனக்குப் பதில் குரல் அனுப்பி, பேரன் துண்டைக் கொடுத்துவிட்டானா என்று விசாரிக்கச் சொல்வார். விசாரித்தும் சொல்வேன்.

இன்னொருவரையும் மறந்துவிடக் கூடாது. வேன் அண்ணன். தேர்வு நாள்களில் பள்ளி சீக்கிரம் விடும், வெள்ளிக்கிழமை தொழுகைக்காக எப்படியும் முன்னதாகவே விடும், ஒத்திகை நாளில் தாமதமாகும். இதெல்லாம் அவருக்குத் தெரியாவிட்டால் பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள். அவர் ஒரு நாளில் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஓடுகிறார். “ரெண்டு நாளைக்கு முன்ன சொல்லுங்க தங்கச்சி, அன்னைக்குக் காலையில சொன்னா நான் என்ன பண்றது?” என்றார். நியாயம்தானே. அவரையும் அறிவிப்புக் குழுவில் சேர்த்துவிட்டோம். இப்போது பள்ளி நேரம் மாறினால் எனக்கே அவர்தான் முதலில் சொல்கிறார், மற்றப் பள்ளி வேன்காரர்களிடம் கேட்டுக்கொண்டு.

குழுவில் வரும் எல்லாச் செய்தியும் நம் பள்ளிச் செய்தி இல்லை. விடுமுறைப் பட்டியல்தான் இதில் மோசம். எங்களில் பலருக்கு அக்கா, தங்கை சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ இருப்பார்கள். அது கெடா. வாரக் கடைசி அங்கே வெள்ளி, சனி. ஞாயிறு பள்ளி உண்டு, கல்வி அமைச்சின் நாட்காட்டியில் அவர்கள் ‘ஏ’ பிரிவு, பினாங்கும் கோலாலம்பூரும் ‘பி’ பிரிவு. அங்கிருந்து வரும் “ஞாயிறு பள்ளி திறக்கிறது” என்ற செய்தி இங்கே ஒவ்வொரு விடுமுறைக் கடைசியிலும் ஒரு கலவரம் உண்டாக்கும். கோலாலம்பூர்ச் சொந்தக்காரர்கள் அனுப்பும் பட்டியலில் ஜூலை 7 இருக்காது. ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ மரபுடைமை நகரான நாள் அது, பினாங்கில் மட்டும் விடுமுறை. பட்டியல் யார் அனுப்பினாலும் எந்த மாநிலம், எந்தப் பிரிவு என்று பாருங்கள். இரண்டும் எழுதியிராத பட்டியலை நான் குழுவில் விடுவதில்லை.

புகைமூட்டக் காலத்தில் நிலைமை வேறு மாதிரி. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளி நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும், 200-ஐத் தாண்டினால் பள்ளியே மூடப்படும். அந்த மாதிரி நாளில் “கேள்விப்பட்டேன்” என்று ஆரம்பிக்கும் எந்தச் செய்தியையும் பகிராதீர்கள். பள்ளியின் சொந்தப் பக்கத்திலோ வகுப்பாசிரியரிடமிருந்தோ வந்தால்தான் செய்தி. ஆசிரியரிடமும் ஆளுக்கு ஆள் கேட்கக் கூடாது. நான் கேள்விகளைச் சேர்த்து ஒரே செய்தியாக, பள்ளி நேரத்தில் அனுப்புவேன். வணக்கம் சொல்லி, வகுப்பைச் சொல்லி, நேரே கேள்வி. அவரும் மனுஷிதானே, இரவு பத்து மணிக்கு நாற்பது பேர் “பள்ளி உண்டா?” என்று கேட்டால் பதில் எப்படி வரும்?

தமிழ் வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். கடைசி நாளைத் தவறவிட்டால் அதிகம் இழப்பது இதில்தான். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளை இடைநிலைப்பள்ளியிலும் தமிழ் படிக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். தேசிய இடைநிலைப்பள்ளியில் அது தானாக வராது. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வழி செய்கிறது. அந்தக் கேட்டுக்கொள்ளுதல்தான் நம் வேலை. பதிவு நாளன்று நிரப்பும் தாள்களில் தமிழுக்கு ஒரு கட்டம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இல்லாவிட்டால் அன்றே அலுவலகத்தில் கேளுங்கள். எங்கள் மகள் சேர்ந்தபோது எண்ணிக்கை முட்டுகிற மாதிரி இருந்தது. தாளில் கட்டத்தை விட்டவர்கள் வீட்டுக்கு நானும் இன்னொரு பெற்றோரும் கூப்பிட்டுப் பேசினோம். சிலர் விட்டதற்குக் காரணம் வெறுப்பு இல்லை, அலட்சியமும் இல்லை. வகுப்பு பள்ளி முடிந்த பிறகு என்றால் வேன் எப்படி? அதுதான் கவலை. வேன் அண்ணன் அந்த நாள் தாமதமாக வருகிறேன் என்று சொன்னதும் எண்ணிக்கை கூடிவிட்டது. தமிழ் பற்றி மேடையில் எவ்வளவோ பேசுகிறோம், ஒரு வேன் நேரத்தைச் சரி செய்தால் பல வகுப்புகள் பிழைக்கும் என்பது என் கட்சி.

படிவம் 5 வந்ததும் இதற்கு இன்னொரு கடைசி நாள் உண்டு. எஸ்பிஎம் (படிவம் 5 முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வு) பதிவு. தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுக்கும் பிள்ளைகள் அந்தப் பாடங்கள் பதிவுத் தாளில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகள் தாளைப் பார்க்காமலே போடுவார்கள். “கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் பார்” என்று சொல்லி வையுங்கள். பெயரின் எழுத்தும் அடையாள அட்டை எண்ணும்கூட அப்போதே சரிபார்க்க வேண்டியவை. சான்றிதழில் வந்த பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்துக்கு நம்மவர்கள் வருவது குறைவு. வந்தாலும் பின்வரிசை, பிறகு தேநீர். (என் கதையைப் பார்த்து முன்வரிசைக்குப் பயப்படுகிறார்களோ என்னவோ.) அந்தக் கூட்டத்தில்தான் அடுத்த ஆண்டுக்கு எதற்கு எவ்வளவு செலவு என்பதும் சங்க நிதி எவ்வளவு என்பதும் முடிவாகின்றன. தீர்மானம் ஏதும் கொண்டுவர வேண்டுமென்றால் கூட்டத்தில் எழுந்து பேசினால் போதாது, முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அழைப்புக் கடிதத்தோடு வரும் தாளிலேயே அதற்கான நாள் இருக்கும். எங்கள் பள்ளியில் தமிழ் நூல்களுக்கு நூலகத்தில் ஓர் அலமாரி வந்தது அப்படி எழுதிக் கொடுத்ததால்தான்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. சங்க நிதி நன்கொடைதான். அதைக் கட்டாததற்காகப் பிள்ளையைச் சேர்க்காமலோ பாடநூல் கொடுக்காமலோ இருக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு பலமுறை சொல்லியிருக்கிறது. பாடநூல் அரசாங்க இரவல் திட்டத்தில் இலவசமாகவே வருகிறது. முடியாதவர்கள் ஒளிந்து திரியத் தேவையில்லை, வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொன்னால் போதும். அதேபோல் ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைக்கு 150 வெள்ளி பள்ளித் தொடக்க உதவி உண்டு. அதை வாங்க எந்த நாள், யார் வர வேண்டும், எந்த ஆவணம் வேண்டும் என்பதும் குழுவில் தொலைந்து போகும் செய்திதான். தொழிற்சாலையில் விடுப்புக் கேட்பவர்களுக்கு ஒரு வாரம் முன்பே தெரிய வேண்டும்.

ஆசிரியர் தினம் மே 16. அதற்கு ஆளுக்குப் பத்து வெள்ளி வசூல் செய்து பரிசு வாங்கும் பழக்கத்தை எங்கள் குழு விட்டுவிட்டது. பிள்ளைகள் கையால் எழுதிய அட்டை போதும் என்று ஆசிரியர்களே சொன்னார்கள்.

இப்போது கையிலிருப்பது சிற்றுண்டி நாள், பள்ளியில் கடை போட்டுக் கூப்பனுக்கு உணவு விற்கும் நாள். கூப்பன் புத்தகங்கள் பிள்ளைகள் பையில் வந்துவிட்டன. விற்காத கூப்பனைத் திருப்பிக் கொடுக்கும் நாள், நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு பையில் கிடப்பதெல்லாம் நம் கணக்கு. தமிழ்மொழிக் கழகத்துக்கு ஒரு கடை கொடுத்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் வாங்கிச் சாப்பிட வேண்டும் என்பதால் முழுக்கச் சைவம், வாங்கும் பொருள்களில் ஹலால் முத்திரை இருக்க வேண்டும், எண்ணெய் உட்பட. பருப்பு வடை, முறுக்கு, பந்துங் தண்ணீர் (ரோஜாப் பாகு கலந்த பால்) என்று முடிவாகியிருக்கிறது. வடை சுட இரண்டு அக்காமார் பெயர் கொடுத்துவிட்டார்கள், பாட்டி முறுக்கு பிழிகிறார். பாத்திரம் கழுவத்தான் இன்னும் ஆள் வரவில்லை. அதற்குக் கடைசி நாள் புதன்.